ரேடாருக்குள் இருக்கும் முலாம்: காரைக்குடிக்குத் தேசிய ஆய்வகத்தைக் கொண்டுவந்த வள்ளல் அழகப்பர்

2025 ஜூலை 30-ம் தேதி மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்16 ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்றது நிசார் செயற்கைக்கோள். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய, 2.4 டன் எடையுள்ள ரேடார் கண். விண்வெளியில் விரித்தால் அதன் ஆன்டெனா 12 மீட்டர் அகலம். நாசாவின் எல் பேண்ட், இஸ்ரோவின் எஸ் பேண்ட் என இரண்டு ரேடார்கள் ஒரே செயற்கைக்கோளில் இருக்கின்றன. மேகம் மறைத்தாலும் நடு இரவானாலும் இதற்குக் கவலையில்லை. நிலம் சில சென்டிமீட்டர் அசைந்தால்கூடக் கண்டுபிடிக்கும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்றும் சொல்லும்.

அன்று எல்லோரும் ராக்கெட்டைப் பார்த்தோம், ஆன்டெனாவைப் பற்றிப் பேசினோம். ஆனால் இப்படியொரு ரேடாரைத் திறந்து உள்ளே பார்த்தால் வேறொரு உலகம் இருக்கிறது. தாமிரம் படிய வைத்த சர்க்யூட் போர்டுகள், தங்க முலாம் பூசிய இணைப்பிகள், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கப் பதப்படுத்திய அலுமினியம், நிழலில் போகும்போது உயிர் கொடுக்கும் பேட்டரி. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே அறிவியல்: மின்வேதியியல்.

அந்த அறிவியலுக்கென்றே இந்தியாவில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. அது டெல்லியிலோ பெங்களூருவிலோ இல்லை. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்வது சிக்ரி. முழுப்பெயர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்.

நிசார் காரைக்குடியில் செய்யப்பட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிப்பட்ட கருவிகளைச் சாத்தியமாக்கும் அறிவியல், 1948-லேயே ஒரு வறண்ட பூமிக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த அழகப்பர்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ம் தேதி பிறந்தவர் அழகப்பச் செட்டியார். நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்தில் நகரத்தார் வீட்டுப் பையனின் பாதை ஏறக்குறைய முன்கூட்டியே எழுதப்பட்டது. கணக்கு கற்க வேண்டும், கடையில் அடுத்தாளாக உட்கார வேண்டும், பிறகு பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கப் போக வேண்டும். மேல்படிப்பு என்பது பெரிதாகப் பேசப்பட்ட விஷயம் இல்லை.

அழகப்பர் அந்தப் பாதையில் போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். அவருடைய சமூகத்தில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்று சொல்வார்கள். பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய எஸ். சந்திரசேகர் இதே கல்லூரியில் படித்ததும் ஏறக்குறைய அதே காலகட்டத்தில்தான்.

அடுத்து லண்டன். பாரிஸ்டர் படிப்பு, சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி. இவை இரண்டும் ஒரு வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பயன்படும் என்று வீட்டில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதாக அவர் செய்த காரியம்தான் ஆச்சரியம். குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கினார்.

குராய்டன் சாதாரண இடம் இல்லை. அப்போது அதுதான் லண்டனின் பிரதான விமான நிலையம். விமானம் எங்கே இருக்கிறது என்பதை வானொலி அலைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆபத்தில் இருக்கும் விமானி இன்றும் உலகம் முழுக்கச் சொல்லும் மேடே என்ற சொல், 1923 வாக்கில் அங்கிருந்த ஒரு வானொலி அதிகாரி யோசித்தது. பிரிட்டனில் ராபர்ட் வாட்சன் வாட் ரேடாரின் அடிப்படைச் சோதனையைச் செய்தது 1935 பிப்ரவரியில். அதாவது, அலையை அனுப்பித் தூரத்தில் இருப்பதை அறியும் தொழில்நுட்பம் பிறந்துகொண்டிருந்த நாட்களில், பிறந்துகொண்டிருந்த நாட்டில், அழகப்பர் விமானத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அனுபவம்தான் அவரை அறிவியல் பக்கம் இழுத்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். இயந்திரம் என்றால் என்ன, அதை நம்பி உயிரை வைப்பது என்றால் என்ன என்பது கையால் தொட்டுத் தெரிந்த செட்டியார் அவர்.

பணம் எங்கிருந்து வந்தது?

ஊர் திரும்பியதும் வட்டிக்கடையோடு நிற்கவில்லை. மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள், ஈயச் சுரங்கங்கள். கேரளத்தில் திருச்சூர் பக்கம் ஜவுளி ஆலை. அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அழகப்பநகர்தான். காப்பீடு, பங்கு வணிகம் எனப் பல தொழில்கள். சொந்தமாக ஒரு விமான நிறுவனம்கூட நடத்தினார். பெயர் ஜூபிடர் ஏர்வேஸ். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் முளைத்த பல தனியார் விமான நிறுவனங்களைப் போலவே அதுவும் நீண்ட நாள் நீடிக்கவில்லை.

இந்த இடத்தில் செட்டிநாட்டின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரைக்குடி வீதிகளில் நீங்கள் பார்க்கும் பெரிய வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலிப் பளிங்கு எல்லாம் கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் வந்தவை. அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1930-களின் பொருளாதார மந்தம் அந்த வணிகத்தை ஆட்டியது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் மிச்சமும் போனது. கணக்குப் புத்தகங்களை விட்டுவிட்டு நடந்தே இந்தியா வந்தவர்கள் பலர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து சில மாதங்களில் காணாமல் போவதை அந்தச் சமூகம் கண்ணால் பார்த்தது.

அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு பணக்காரருக்கு இரண்டு வழிகள் இருந்தன. இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம். அல்லது, எந்தப் படையும் பறிக்க முடியாத ஒன்றாக அதை மாற்றலாம். அழகப்பர் இரண்டாவது வழியில் போனார்.

நகரத்தாரிடம் மகமை என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. வருமானத்தில் ஒரு பகுதியைத் தர்மக் கணக்கில் ஒதுக்கி வைப்பது. அந்தப் பணம் கோயில் திருப்பணி, சத்திரம், வேத பாடசாலை, மழைநீர் தேக்கும் ஊருணி எனப் போகும். கொடுப்பது அழகப்பருக்குப் புதிதாகக் கற்க வேண்டிய குணம் இல்லை; ஊரின் வழக்கம். அவர் மாற்றியது, அந்தப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான்.

நாற்பது நாளுக்குள் ஒரு கல்லூரி

1944-ல் சென்னை கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி அவருடைய நன்கொடையில் உருவானது. இன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் எல்லோரும் ஏ.சி.டெக் என்று கூப்பிடும் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். வேதிப் பொறியியல், ஜவுளி, தோல் தொழில்நுட்பம் என அன்றைய தொழிற்சாலைகளுக்கு வேண்டிய படிப்புகளுக்கு அது பேர்போனது.

1947 ஜூலை 3-ம் தேதி சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், வசதியுள்ளவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த மேடையிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 11-ம் தேதி, காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. ஜூலை 3, ஆகஸ்ட் 11. நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாடு சுதந்திரம் அடைய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதைத் துறந்தார். பிறகு பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக் எனக் காரைக்குடியின் ஒரு பக்கமே கல்வி நகரமாக மாறியது. 1952-ல் பொறியியல் கல்லூரியும் வந்தது. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்றபோது தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார்.

சரி, மின்வேதியியல் ஆய்வகம் எப்படி வந்தது?

சுதந்திரம் வந்த கையோடு நேருவும், அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் நாடு முழுக்கத் தேசிய ஆய்வகங்களை அமைக்கும் வேலையில் இறங்கினார்கள். இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்கு புனே என்று திட்டம் விரிந்தது. பணம் குறைவு, தேவை அதிகம். எந்த ஊர் நிலமும் ஆதரவும் தருகிறதோ அந்த ஊருக்கு வாய்ப்பு.

மின்வேதியியல் அன்றைக்கு இந்தியாவுக்கு அவசரத் தேவை. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க மின்சாரம் செலுத்த வேண்டும். காஸ்டிக் சோடாவும் குளோரினும் உப்பு நீரில் மின்சாரம் செலுத்திக் கிடைப்பவை. பேட்டரி, முலாம் பூசுதல், துருத் தடுப்பு எல்லாம் இந்தத் துறைதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாம் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் 15 லட்சம் என்றால் எவ்வளவு? அப்போது ஒரு சவரன் தங்கம் நூறு ரூபாய்க்கும் கீழே. அந்தப் பணத்தில் 15,000 சவரனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். இன்றைய விலையில் பெருக்கிப் பாருங்கள்.

1948 ஜூலை 25-ம் தேதி நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். காந்தி கொல்லப்பட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அகதிகள் முகாம்களில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பிரதமர், ரயில் நிலையம் தவிரப் பெரிய வசதி எதுவும் இல்லாத ஊரில் வந்து நின்று, ஐம்பது வருடம் கழித்துப் பலன் தரப்போகும் ஆய்வகத்துக்குக் கல் வைத்தார். 1953 ஜனவரி 14-ம் தேதி குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.

அதே 1953-ல் வடக்கே இதேபோல ஒன்று நடந்தது. ராஜஸ்தானின் பாலைநிலத்தில், பிர்லா குடும்பத்தின் சொந்த ஊரான பிலானியில், மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வகத்துக்கு நேரு செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். ரேடாரிலும் செயற்கைக்கோளிலும் பயன்படும் நுண்ணலைக் குழாய்கள் அந்த ஆய்வகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று. இரண்டுமே கடல் கடந்தும் நாடு கடந்தும் வணிகம் செய்த சமூகங்களின் சொந்த மண். இரண்டுமே தண்ணீருக்குத் தவித்த ஊர்கள். ஒன்றில் மின்னணுவியல், மற்றதில் அதன் அடியில் இருக்கும் வேதியியல்.

ரேடாருக்கு எதற்கு முலாம்?

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வருவோம். மின்வேதியியல் இல்லாமல் ரேடார், கணினி, தகவல் தொடர்புக் கருவி எதுவும் ஏன் கிடையாது? நான்கு உதாரணங்கள் போதும்.

முதலாவது, நுண்ணலை ஓடும் பாதை. வீட்டு வயரில் மின்சாரம் கம்பி முழுவதும் பாயும். ரேடார் பயன்படுத்தும் அதிர்வெண்களில் அப்படி இல்லை. மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். நிசாரின் எஸ் பேண்ட் அளவில் அந்தத் தோலின் கனம் சுமார் ஒரு மைக்ரான். உங்கள் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குழாய் எந்த உலோகத்தால் ஆனது என்பதைவிட, அதன் உள்பக்கம் எதைப் பூசியிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எடை குறைவான அலுமினியத்தில் குழாய் செய்து, உள்ளே மெல்லிய வெள்ளி முலாம் பூசினால் போதும். அலைக்கு அது வெள்ளிக் குழாய்தான். முலாம் சொரசொரப்பாக இருந்தால் சக்தி வெப்பமாக வீணாகும்.

இரண்டாவது, சர்க்யூட் போர்டும் சிப்பும். போனைத் திறந்தால் தெரியும் பச்சைப் பலகையில் நூற்றுக்கணக்கான நுண்ணிய துளைகள் இருக்கும். ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு மின்சாரம் இறங்கும் மாடிப்படிகள் அவை. துளையின் சுவரில் தாமிரத்தைப் படிய வைப்பது முலாம் தொட்டி. சிப்புக்குள்ளும் இதே கதைதான். 1997-ல் ஐபிஎம் நிறுவனம், சிப்பின் உள் இணைப்புகளை அலுமினியத்திலிருந்து தாமிரத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்தத் தாமிரத்தை நுண்ணிய பள்ளங்களில் நிரப்பும் வழி மின்முலாம். பாத்திரக் கடையில் பார்க்கும் அதே தத்துவம், அளவு மட்டும் பல ஆயிரம் மடங்கு சின்னது.

மூன்றாவது, முலாம் தப்பினால் என்ன ஆகும் என்பது. 1998 மே 19-ம் தேதி அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் ஊமையாகின. கேலக்ஸி 4 என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்ததுதான் காரணம். விசாரணையில் சந்தேகம் போய் நின்ற இடம் ஒரு வெள்ளீய முலாம். சுத்தமான வெள்ளீயம் பூசிய பரப்பில், காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாத மீசை முடிபோல உலோக இழைகள் தானாக வளரும். பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். கீழே என்றால் ஆளை அனுப்பிச் சரிசெய்யலாம். 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு யாரை அனுப்புவது?

நான்காவது, பேட்டரி. பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நாளைக்குச் சுமார் 14, 15 முறை சுற்றும். பல சுற்றுப்பாதைகளில் ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரம்வரை பூமியின் நிழலுக்குள் போக வேண்டியிருக்கும். அப்போது சோலார் தகடு வேலை செய்யாது, பேட்டரிதான் தாங்க வேண்டும். அதாவது வருடத்துக்கு ஐந்தாயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்க வேண்டும். நம் போன் பேட்டரி ஆயிரம் முறைக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

மின்சாரம் நின்றால் செயற்கைக்கோள் வெறும் உலோகப் பெட்டி. 1975 ஏப்ரல் 19-ம் தேதி விண்ணுக்குப் போன நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் நான்கு நாட்களில் அதன் ஆய்வுக் கருவிகள் நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் 1979-ல் தொலையுணர்வுச் சோதனைக்கான பாஸ்கரா, 1988-ல் ஐஆர்எஸ் 1ஏ, 2012-ல் ரேடார் ஏந்திய ரிசாட் 1 என்று படிப்படியாக நாம் ஏறி வந்தோம்.

காரைக்குடி ஆய்வகம் என்ன செய்தது?

எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைப் பிரித்துச் சொல்வது நல்லது. ரேடாரையோ செயற்கைக்கோளையோ சிக்ரி வடிவமைக்கவில்லை. இஸ்ரோவின் லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கியது திருவனந்தபுரத்தில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். காரைக்குடியின் வேலை, இந்தத் துறையின் அடித்தளத்தை நாட்டுக்குள் வைத்திருப்பது.

முலாம் பூசுதல், அலுமினியத்துக்கு ஆக்சைடு கவசம் கொடுத்தல், மக்னீசியம் பேட்டரிகள், காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானியம் மின்முனைகள் என அங்கு பல பத்தாண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகத்தில் அரிக்கும் என்று காட்டும் துரு வரைபடத்தைத் தயாரித்தது இந்த ஆய்வகம். கடலோரக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்தில் மாதிரிகளை வருடக்கணக்கில் வெயிலிலும் உப்பிலும் காயப்போட்டார்கள். இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஏவுதளம், கடலோர ரேடார் நிலையம், பாலம் எதுவாக இருந்தாலும், அடுத்த முப்பது வருடம் நிற்குமா என்பதற்கான பதில் அந்த மாதிரித் தகடுகளில்தான் இருக்கிறது.

சென்னை தரமணியில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் லித்தியம் அயான் மின்கலம் தயாரிக்கும் சோதனை வசதியையும் சிக்ரி அமைத்தது. 2018-ல் அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. இன்னொன்று, அங்கேயே வேதியியல் மற்றும் மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். படிப்பும் நடக்கிறது. தேசிய ஆய்வகத்துக்குள்ளேயே இளநிலைப் பொறியியல் படிப்பது நாட்டில் அரிதான வாய்ப்பு.

உடம்பு சொன்னதும் அவர் செய்ததும்

இத்தனையும் செய்த காலத்தில் அழகப்பர் ஆரோக்கியமாக இல்லை. அவருக்குத் தொழுநோய் இருந்தது. இன்று அது மாத்திரையால் முழுதாகக் குணமாகும் நோய். அந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல். 1940-களில் அந்த நோயைப் பற்றிய பயமும் ஒதுக்கலும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய பணக்காரராக இருந்தாலும் ஊர் வாயை மூட முடியாது. ஒதுங்கி வீட்டுக்குள் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கல்லூரிகளும் ஆய்வகமும் கட்டிக்கொண்டிருந்தார்.

தொழில்களும் எப்போதும் ஏறுமுகமாக இல்லை. கொடுத்தது கூடியபோது கையில் இருந்தது குறைந்தது. ஆனாலும் கொடுப்பதாகச் சொன்ன வார்த்தையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. 1956-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. 1957 ஏப்ரல் 5-ம் தேதி காலமானார். 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

அந்தத் தேதியை இன்னொரு தேதியோடு சேர்த்துப் பாருங்கள். மனிதன் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது அதே வருடம் அக்டோபர் 4-ம் தேதி. அவர் இறந்து ஆறு மாதம் கழித்து. தும்பாவிலிருந்து இந்தியா முதல் ராக்கெட்டை ஏவியது 1963 நவம்பரில். குராய்டனில் வானத்தைத் தொட்ட அந்த மனிதர், வானத்துக்கு மேலே ஒரு கருவி சுற்றுவதைக் கேள்விப்படாமலே போய்விட்டார். அவர் கொடுத்த நிலத்தில் படிக்கப்படும் அறிவியல் ஒருநாள் அந்தக் கருவிகளுக்கு உயிர்நாடியாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்று இதை ஏன் பேச வேண்டும்?

காரைக்குடியில் அழகப்பர் பெயர் இல்லாத திசை குறைவு. 1985-ல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, பள்ளிகள் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. அவர் அதிக நிலம் கொடுத்த இடங்களில் ஒன்றான சிக்ரியின் பெயரில் மட்டும் அவர் இல்லை. அது தேசத்தின் ஆய்வகம், அதன் பெயர் அதன் வேலையைத்தான் சொல்கிறது. அதை அவர் ஏற்றுக்கொண்டுதான் கொடுத்தார்.

அவர் மட்டும் தனி ஆளும் இல்லை. அதே காலத்தில் சி. ராஜம் என்ற தொழிலதிபர் 1949-ல் சென்னை குரோம்பேட்டையில் எம்ஐடியைத் தொடங்கினார். மின்னணுவியல், ஏரோநாட்டிக்கல் போன்ற படிப்புகளுக்கு வேலை வாய்ப்பு இருக்குமா என்றே தெரியாத நாட்கள். ராமேஸ்வரத்திலிருந்து போய் அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் அப்துல் கலாம்.

இப்போதைய கணக்கைப் பார்ப்போம். ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். சீனாவும் அமெரிக்காவும் 2 சதவீதத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. அங்கே பெரும்பகுதி தனியார் பணம், இங்கே பெரும்பகுதி அரசுப் பணம். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அரசு ஆய்வகங்களுக்குக் கொடுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் கொடுக்கிறவருக்கு, அடுத்த ஆண்டறிக்கையில் போட ஒரு போட்டோ வேண்டியிருக்கிறது. முலாம் தொட்டிக்கும் துருப்பிடிக்கும் தகட்டுக்கும் அப்படிப்பட்ட போட்டோ கிடைக்காது.

அந்தப் போட்டோ இல்லாமல்தான் 300 ஏக்கர் கொடுக்கப்பட்டது. இன்று சிவகங்கைச் சீமையின் கண்மாய்க் கரையில் நிற்கும் விவசாயிக்கு, தன் வயலில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்பதை மேலே இருந்து ஒரு ரேடார் அளந்து சொல்லக்கூடிய காலம் வந்துவிட்டது. அந்த ரேடாரின் குழாயில் பூசிய ஒரு மைக்ரான் உலோகத்தைப் பற்றி அவர் கேள்விப்படப்போவதில்லை. அதைப் படிப்பதற்கான ஆய்வகமோ அவர் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், அழகப்பர் கொடுத்த நிலத்தில் இருக்கிறது.